யார் அந்த அப்பு?

தங்கை வீட்டுக் கொடிக்கயிற்றில் நான் கை வைத்ததிலிருந்தே மாப்பிள்ளைக்கு என் மேல் சந்தேகம். நான் அந்தமானில் உள்ள கராச்சர்மாவுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செல்லுலார் ஜெயில், ஹேவ்லாக் என்று அவர் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார். நானோ காய்ந்த துணிகளைத் திண்ணையில் குவித்துவிட்டு, கொடியோடு கொடியாகப் பத்து மீட்டர் கம்பியை இழுத்துப் பாக்கு மரத்தில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"டிவிக்கா மச்சான்?"

"இல்ல மாப்பிள்ளை. ஹாம் ரேடியோ."

அவர் கொஞ்ச நேரம் கம்பியையே பார்த்தார். "2020லதான் சென்னையிலேர்ந்து 2,300 கிலோமீட்டர் கடலுக்கடியில கேபிள் போட்டாங்க. இப்பத்தான் நெட்டு ஒழுங்கா வருது. இந்த நேரம் பார்த்துக் கம்பி கட்டுறீங்களே."

பதில் இல்லாத கேள்வி. நல்லவேளை, தங்கை டீ கொண்டு வந்தாள்.

என்னிடம் இருந்தது சின்ன ரிசீவர் மட்டும். அந்தமானிலிருந்து பேசத் தனி அனுமதி வேண்டும். என்னிடம் அது கிடையாது. எனவே காதை மட்டும் கொண்டுவந்தேன், வாயை மெயின்லேண்டிலேயே விட்டுவிட்டேன். என் பூர்வீகம் தெரிந்த ஹாம்கள் (என்னைப் போல் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள்) இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்பார்கள்.

அந்தப் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். உலக ஹாம்களிடம் ஒரு பட்டியல் உண்டு. டி.எக்ஸ்.சி.சி. என்று பெயர், அமெரிக்காவின் ஏ.ஆர்.ஆர்.எல். சங்கம் பராமரிப்பது. அதில் 340 'நாடுகள்'; ஒவ்வொன்றோடும் ஒரு முறையாவது பேசிவிட வேண்டும் என்பதுதான் ஹாம்களின் பந்தயம். ஐ.நா.வுக்கே தெரியாத நாடுகளெல்லாம் அதில் இருக்கும். அந்தமான் நிகோபார் அதில் தனி நாடு, லட்சத்தீவு இன்னொன்று. அந்தமானிலிருந்தோ 1987க்குப் பிறகு குரலே இல்லை. பதினேழு வருஷம் கழித்து, 2004 டிசம்பரில், ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். (2024இல் அந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறி காற்றில் வந்ததும் உலகம் முழுக்க அவரவர் ரிக்கின் (ரேடியோப் பெட்டியின்) முன்னால் பாய் விரித்துவிட்டார்கள்.

இப்படி ஒருவரை ஆயிரம் பேர் கூப்பிடும்போதுதான் 'ஸ்பிளிட்' வேண்டியிருக்கிறது. இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். அறிவிப்பாளர் பேசுகிற அதே அலைவரிசையில் அத்தனை நேயர்களும் ஏறி நின்று பாட்டுக் கேட்டால், அறிவிப்பாளரே காணாமல் போய்விடுவார். அதனால் அபூர்வ நிலையம் 14,195 கிலோஹெர்ட்ஸில் பேசினால், காதை 14,200க்கும் 14,210க்கும் நடுவில் வைத்துக்கொள்ளும். அவ்வப்போது "அப்" என்று ஒரு வார்த்தை சொல்லும். மேலே போய்க் கூப்பிடு என்று பொருள். நம் ரிக்கில் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க ஏ, பி என்று இரண்டு வி.எஃப்.ஓ.க்கள். ஏ-யில் கேட்க வேண்டும், பி-யில் பேச வேண்டும், 'ஸ்பிளிட்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

மதுரையில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், ராத்திரி எட்டு மணிக்கு பாரதி பிரசாத்தின் குரலை முதல்முதலாகக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பி-யை எட்டுக் கிலோஹெர்ட்ஸ் மேலே வைத்தேன். மைக்கை எடுத்தேன். என் குறியை மூன்று முறை முழங்கினேன். பொத்தானை மட்டும் அமுக்கவில்லை.

அதாவது, உலகமே மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரே இடத்தில், அந்த அம்மாளின் குரல் மேலேயே ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்த நொடி ரேடியோ வெடித்தது. "அப்! அப்! அப்!" இத்தாலியிலிருந்து, ஜப்பானிலிருந்து, நான் பிறகும் அடையாளம் காணாத தேசங்களிலிருந்து. இவர்களுக்கு ஹாம்கள் வைத்திருக்கும் பெயர் 'போலீஸ்'. தப்புச் செய்தவன் கத்தியது பத்து நொடி. அவனைத் திருத்துகிறேன் என்று இவர்கள் கத்தியது பத்து நிமிஷம், அதே அலைவரிசையில். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டையே இடித்துவிட்டுப் போவது போல. என் தப்பை நான் மறைக்கவில்லை. ஆனாலும் சேதக் கணக்கில் என் பங்கு குறைவு என்பதை எங்காவது பதிந்து வைக்க வேண்டும்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "ஏன்டா, யாருடா அந்த அப்பு? ஊரே தேடுது?"

வெளிநாட்டு உச்சரிப்பில் அந்த 'அப்'புக்கு ஓர் உகரமும் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. ஏதோ பிள்ளை காணாமல் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்தினால், அந்தக் காணாமல் போன பிள்ளை நான்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் பொத்தானை அமுக்கினேன். ஆனால் ஏ-யும் பி-யும் இடம் மாறிக் கிடந்தன. கூட்டத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் அந்த அம்மாள் தலையிலேயே பேசினேன். மறுபடியும் அப்பு. அதற்கு மறுநாள் எல்லாம் சரி, பி மட்டும் எல்.எஸ்.பி.யில், அதாவது தவறான பக்கப்பட்டையில், இருந்தது. 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே யு.எஸ்.பி. என்பது வழக்கம். என் குரல் அங்கே வாத்துக் கத்தல் போலத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

திருச்சியில் இருந்த மூத்த ஹாம் ஒருவர்தான் வழி சொன்னார். "தம்பி, மொதல்ல கூப்பிடாதே. அந்தம்மா இப்ப யாருக்குப் பதில் சொன்னாங்களோ, அந்த ஆள் எங்க இருந்து பேசுறான்னு மேல போய்த் தேடு. கண்டுபிடிச்சா, அவனுக்குக் கொஞ்சம் மேல போய் உக்காரு. அவங்க டயலைத் திருப்பிக்கிட்டே உன்கிட்ட வருவாங்க." மைக்கைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெறுமனே கேட்டேன். பிறகு ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். பதில் வந்தது, 'ஐந்து ஒன்பது' என்ற சிக்னல் மதிப்பெண்ணோடு. அம்மாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "கிடைச்சுட்டானா?" என்றார்.

கதை அங்கே முடிந்திருந்தால் கௌரவம். மறுநாள் காலை திருச்சி அண்ணனுக்கு நன்றி சொல்ல 7 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தேன். ஸ்பிளிட்டை அணைக்கவில்லை. ஒரே கம்பியில் இரண்டு பேண்டும் வேலை செய்யும்படி கட்டியிருந்தது வினையாகிப் போனது. காது 7இல், வாய் இன்னும் 14இல். உலகம் முழுக்க அந்தமானுக்காக முட்டி மோதிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, "அண்ணே, வணக்கம், காபி குடிச்சாச்சா?" என்று கால் மணி நேரம் விசாரித்திருக்கிறேன். அண்ணன் பதில் சொல்லவில்லையே, கோபமோ என்று வருத்தம் வேறு.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாப்பிள்ளை சிரிக்கவில்லை. 2004 டிசம்பர் என்றதுமே அவர் வேறெங்கோ போய்விட்டார். 26ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியபோது அவர் இந்த ஊரில்தான் இருந்தார். "போன் எதுவும் வேலை செய்யல மச்சான். நாங்க உசிரோட இருக்கோம்னு சொல்லக்கூட வழியில்ல." அன்று, பந்தயத்துக்கு வந்த அதே ரேடியோக்கள்தான் தீவிலிருந்து செய்தி சொல்லின, யார் நலம், யாரைக் காணவில்லை என்று மெயின்லேண்டுக்குச் சேர்த்தன. 'அப்' என்று கத்தியவர்களும், என்னைப் போன்ற ஏறி உட்காருகிறவர்களும் அன்று வாயை மூடிக்கொண்டு கேட்டோம்.

மாப்பிள்ளை எழுந்து போய்ப் பாக்கு மரத்தில் என் முடிச்சை அவிழ்த்து இன்னும் கொஞ்சம் உயரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார்.

டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. விளக்கைப் போட்டு ரிசீவரைத் திருப்பினேன். பசிபிக் தீவு ஒன்று மெலிதாக வந்துகொண்டிருந்தது. எந்த ஊர்ப் புண்ணியவானோ சரியாக அதன் தலையில் ஏறி மூன்று முறை முழங்கினார். போலீஸ் கிளம்பியது.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து அம்மாவின் போன். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பிட்டீர்களா, மழையா, கொசுவா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி உற்றுக் கேட்டார்.

"ஏன்டா, அந்தப் பையன் இன்னுமா கிடைக்கல?"