கரையானுக்குக் கடிதம் தேவையில்லை

நம் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ‘அரிய நூல்கள் பிரிவு’ என்று ஓர் அறை இருக்கிறது. உள்ளே போக நெறியாளர் கடிதம், துறைத்தலைவர் ஒப்பம், பதிவாளர் அலுவலக முத்திரை எல்லாம் வேண்டும். எல்லாம் சேர்ந்த அன்று சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். கரையானுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சங்க இலக்கியம், சைவ சித்தாந்தம் என்று பேதம் பாராமல் முழுசாய் முடிக்கிறது. நம் பேராசிரியர்களில் யார் அப்படிப் படித்திருக்கிறார்கள்?

மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு வந்த கடிதங்களை அவர் குடும்பம் இங்கேதான் கொடுத்தது. வாங்கிய அன்று பொன்னாடை, புகைப்படம், துணைவேந்தர் உரை. மறுநாளே சாக்கு மூட்டை. அவிழ்த்துப் பார்த்தால், தபால்தலை சேர்க்கும் புண்ணியவான் எவரோ கத்தரிக்கோலோடு புகுந்திருக்கிறார். உறையில் வெட்டினால் தேதி முத்திரை போகும். கார்டில் வெட்டினால் மறுபக்கத்து எழுத்தும் போகும். பதிப்பாளர் எழுதிய ஒரு கார்டில், ‘ராயல்டி ரூபாய்’ என்று வரி முடிகிறது. அடுத்த வரி தொடங்கும் இடத்தில் ஓட்டை. (அவர் கொடுத்ததும் அதுவாகத்தான் இருக்கும்.)

கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். யாருடைய மானியமும் இல்லாமல் நூல், இதழ், துண்டுப் பிரசுரம் என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்துவிட்டு 1992இல் போய்ச் சேர்ந்தார். அதை விலை கொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியும் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்தார்கள். 1994இல் ஆராய்ச்சி நூலகமானது. தமிழுக்கென்றே 1981இல் தஞ்சையில் பல்கலைக்கழகம் தொடங்கிய நாட்டில், இந்த வேலைக்கு அமெரிக்காக்காரன் வரவேண்டியிருந்தது. பாவம், அவனுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட நேரமில்லை போலும்.

நம் நூலகத்துக்கு மட்டும் எதுவும் வராது என்றில்லை. தரமதிப்பீட்டுக்கு நாக் (NAAC) குழு வரும். அந்த வாரம் சுண்ணாம்பு அடித்து, கண்ணாடிப் பெட்டியில் ஓர் ஓலைச்சுவடியை வைப்பார்கள், தலைகீழாக. வந்தவர்களும் அதைக் குனிந்து பார்த்துத் தலையாட்டுவார்கள்.

ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட முன்னோர்களை மேடைக்கு மேடை திட்டுகிறோம். அவர்களாவது அதைப் புண்ணியம் என்று நம்பிச் செய்தார்கள். நாம் ‘பயன்பாட்டில் இல்லாதவை’ என்று பட்டியல் போட்டு, குழு கூட்டி, தேநீர் குடித்து, எடைக்குப் போடுகிறோம். என்னென்ன புத்தகம் போயிற்று என்பதற்குக் கணக்கில்லை. எத்தனை கிலோ என்பதற்கு ரசீது இருக்கிறது, தணிக்கைக்கு.

ஆய்வு மாணவர்கள் இப்போது நேரே பழைய புத்தகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். பல்கலைக்கழக முத்திரையோடு அங்கே கிடைக்கிறது. கடைக்காரர் விலையைக் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார். ஆனால் நெறியாளர் கடிதம் கேட்பதில்லை.