பாணி அண்ணை

மார்ச் மாதம் பிறந்து ஏழெட்டு நாள் போனதும் ஸ்காபரோவில் ஒரு வகை மனிதர்கள் ராசிபலனை விட்டுவிட்டு வானிலை பார்க்கத் தொடங்குவார்கள். இரவில் மைனஸ் ஐந்து, பகலில் பிளஸ் ஐந்து என்று வந்தால் அவர்களுக்கு அது முகூர்த்தம். உடனே தொலைபேசி அடிக்கும். "தம்பி, மரம் ஊறத் தொடங்கீட்டுது. சனிக்கிழமை ஒருத்தருக்கும் வாக்குக் குடுத்திடாதையும்."

இந்த வகையாருக்கு நாங்கள் வைத்த பெயர் பாணி அண்ணை. கித்துள் பாணி, பனம்பாணி என்று பழகிய நாக்குக்கு மேப்பிள் சிரப் என்று வராது; மேப்பிள் பாணிதான் வரும். தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். எங்கள் தெருக்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தைந்து வருஷம் தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ற் அடித்த காலத்தில் மேப்பிள் என்பது அவருக்குக் கொடியில் இருக்கும் ஓர் இலை. மிஞ்சினால், கராஜ் வாசலில் கூட்டித் தள்ளவேண்டிய குப்பை. வீட்டுக் கடன் முடிந்த கையோடு கனடாப் பற்று பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் தொடக்கத்தில் எல்மைரா யாத்திரை. 1965இல் தொடங்கிய மேப்பிள் திருவிழா அது. 2000ஆம் ஆண்டு ஒரே நாளில் 66,529 பேர் வந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிய ஊர். அண்ணை அந்த எண்ணிக்கையைக் கடைசி ஒன்பது வரைக்கும் சொல்லுவார், தானே வாசலில் நின்று எண்ணியதுபோல. வானில் எட்டுப் பேர், பின்னால் கூலர் பெட்டியில் இடியப்பம், கோழிக்கறி, கட்டைச் சம்பல். பான்கேக் தின்னப் போகிறவர்களுக்கு இடியப்பம் எதற்கு என்று ஒரு முறை கேட்டேன். "வழியிலை பசிச்சால்?" என்றார். போக ஒன்றரை மணி நேரம். பான்கேக் வரிசையில் நின்று வாங்கியதும், நடுவில் கட்டைச் சம்பலை வைத்து மடித்து, மேலே பாணியை ஊற்றி அவர் கடிப்பதைப் பக்கத்து மேசை வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அது நன்றாகவே இருக்கும்.

பிறகு மரக்காட்டுக்குள் விளக்கம். விவசாயி ஆங்கிலத்தில் சொல்லுவார்; அண்ணை எங்களுக்குத் தமிழாக்குவார். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நீளம். "நாப்பது லீற்றர் ஊறலைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. மரத்துக்கும் நாப்பது வயதாவது வேணும், அப்பதான் துளை போடலாம். எங்களை மாதிரித்தான், நாப்பது தாண்டினால்தான் சுகர்." வாளியை எட்டிப் பார்த்தவர் திரும்பி விவசாயியிடம், "வேர் இஸ் த சுண்ணாம்பு?" என்றார். யாழ்ப்பாணத்தில் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் கருப்பநீர் கள்ளாகிவிடும் என்பதை அந்த மனிதருக்குக் கைகால் எல்லாம் ஆட்டி விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுற்றிக் கிடந்த ஸ்னோவைக் காட்டினார். இந்தக் குளிரில் எது புளிக்கும்? அண்ணைக்குச் சமாதானமில்லை. "எதுக்கும் கொஞ்சம் தடவிறது நல்லது" என்று என் காதில் சொன்னார்.

ஊரில் அவர்கள் வளவில் முப்பது பனை நின்றது. கருப்பநீர் இறக்கித் தந்தவர் முற்றத்தில் நின்றபடியே முட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். விறாந்தையில் அவர் ஏறியதை யாரும் கண்டதில்லை. அவருடைய பெயரை அண்ணையிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். வரவில்லை. எல்மைரா விவசாயியின் தோளில் கைபோட்டு எடுத்த படம் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அந்தப் பெயர் எழுத்துக்கூட்டி வரும்.

போன வருஷம் வீட்டிலேயே இறங்கிவிட்டார். கொல்லையில் நிற்பது நோர்வே மேப்பிள். ஊறல் வரும், இனிப்புத்தான் குறைவு. துளைத்து, குழாய் செருகி, வாளி கட்டி, பத்து நாளில் இருபது லீற்றர் சேர்த்தார். பேஸ்மென்ற் குசினியில் பெரிய கிடாரம் ஏறியது. இருபதில் அரை லீற்றர் பாணியென்றால் மிச்சம் பத்தொன்பதரை எங்கே போகும் என்று அண்ணை கணக்குப் பார்க்கவில்லை. அது சுவருக்குப் போயிற்று. மத்தியானத்துக்குள் சுவர்த்தாள் வாழைப்பட்டைபோல உரிந்து தொங்கியது. பின்னேரம் அலாரம் கத்தத் தொடங்க, வாடகைக்கு இருந்த பொடியன் சாரத்தோடு தெருவுக்கு ஓடிவந்தான்.

"இஞ்சாருங்கோ, கடையிலை போத்தல் போத்தலாய் விக்கிறான். உங்களுக்கென்ன விசரே?" என்றார் அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா.

"சும்மா இரும். 104 பாகையிலை நிக்குது, இப்ப கதைக்கப்படாது."

தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு நாலு பாகை கூட வந்தால் பாணி பதம். அந்த நேரத்தில்தான் வாட்ஸப்புக்குப் படம் எடுக்க போனைத் தேடிப் போனார். பாணி நுரைத்துப் பொங்கியது. அடங்க ஒரு சொட்டு நெய் விட்டிருக்கவேண்டும் என்று பிறகு ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எஞ்சியதைக் கழுவிய இருமல் மருந்துப் போத்தல்களில் அடைத்துப் பதினொரு வீட்டுக்கு அனுப்பினார். எனக்கு மூன்று தேக்கரண்டி வந்தது. புகை மணம் கொஞ்சம், சுவர்த்தாள் மணம் கொஞ்சம்.

பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் எல்லாவற்றிலும் கடைப் பாணி. பாலப்பத்துக்குப் பாணி, குரக்கன் புட்டுக்குப் பாணி, எள்ளுருண்டைக்குப் பாணி. அது பிடிபடாமல் எள்ளுக்குழம்பானது வேறு கதை. வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்தவர் இப்போது பாணியை உள்ளங்கையில் ஊற்றி நக்கிக்கொள்ளுகிறார். கறுத்தப் பாணிதான் வேண்டும். பருவத் தொடக்கத்தில் வரும் பொன்னிறப் பாணி அவருக்குக் கழுநீர். "இது இயற்கை, சுகர் ஏத்தாது" என்பார். சுகர் பார்க்கும் மெஷின் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே மெஷின் பழுது.

சாப்பாடு முடிந்தால் கியூபெக் திருட்டு. 2011, 2012இல் சேமிப்புக் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 3,000 தொன் பாணியை, 18 மில்லியன் டொலர் பெறுமதியானதை, உறிஞ்சிக்கொண்டு பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்த கதை. வருஷத்தில் நாலு முறை கேட்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே முடிவுரை: "எங்கட ஊர்ப் பால்காரனிட்டைப் பழகியிருக்கிறாங்கள்."

மரம் அரும்பினால் ஊறல் ருசி கெட்டுப்போகும், அன்றோடு வாளியைக் கழற்றவேண்டும். ஸ்காபரோவில் அக்காவைப்போல வசந்தத்துக்கு ஏங்குகிறவர் வேறு யாருமில்லை. காலையில் எழுந்ததும் தேத்தண்ணியோடு ஜன்னலுக்குப் போய்க் கொப்பைத்தான் பார்க்கிறார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போன அண்ணை, இரண்டு போத்தலைச் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார். பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. எல்மைரா, நாப்பதுக்கு ஒன்று, 104 பாகை என்று எல்லாம் சொல்லி முடித்து ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தார். கிழவி விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு தரம் சப்புக்கொட்டியது.

"நல்லாத்தான் கிடக்கு மோனை. இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருந்தால் கட்டியாய் வந்திருக்கும். அந்தரப்பட்டு இறக்கிப்போட்டாய்."

பிறகு உள்ளே போய் நாலு குட்டான் பனங்கட்டி எடுத்துவந்து அவர் பையில் வைத்தது.