இரண்டு பெயர், ஒரு மெட்டு

கேள்வி: புகழ்பெற்ற பாட்டுக் குழுக்களின் கடைசி ஆல்பம் பெரும்பாலும் எடுபடாமல் போவது ஏன்?
– வாசகர், உப்பல், ஐதராபாத்

பதில்: பல நேரம் பலகை பழையது, கடைக்குள் ஆள் புதுசு! அமெரிக்காவின் சுப்ரீம்ஸ் குழு 1976இல் கடைசி ஆல்பம் போட்டபோது, அதன் முன்னணிப் பாடகி டயானா ராஸ் விலகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன் - ராமமூர்த்தி கதை வேறு. ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்த 1965இல் பிரிந்தவர்கள், 30 ஆண்டு கழித்து சத்யராஜின் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காகச் சேர்ந்தார்கள். ஆள் அதே ஆள்தான். ஆனால் ஊரெல்லாம் ரகுமான் பாட்டு ஒலித்த 1995 அது. பழைய அலை எழவில்லை. போகட்டும்! பிரிந்த இருவரும் மறுபடி ஒரே ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்களே, அதுவே எனக்குப் பெரிய வெற்றி. அந்தப் பாடல்களை ஒருமுறை தேடிக் கேளுங்கள்.