எலி சொன்ன சாட்சி

வா மாப்ளே, உக்காரு. சீந்தில் பொடியை டப்பாவுல போட்டு விக்கப் போறியாம்ல. "எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சு, ஈரலுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு லேபிள்ல வேற அடிக்கப் போறியாம். அடி, அடி. நல்லாப் பெருசா அடி.

அந்தச் சோதனை எப்படின்னு விசாரிச்சியா? ஒம்பது வாரம்கூட ஆகாத எளவட்ட எலியாப் பாத்து, கூட்டத்துக்கு ஆண் 5, பொட்டை 5ன்னு பிரிச்சு, மழுங்கின ஊசிக்குழாயை வாய்க்குள்ள விட்டு இரைப்பையில மருந்தை இறக்குவாங்க. தெனமும், 28 நாளைக்கு. பாவம், அதுக்கு வாந்தி எடுக்கவும் வராது. அப்புறம் ரத்தத்துல எஸ்.ஜி.பி.டி.ங்கற ஈரல் நொதியைப் பாத்து, ஈரலை எடுத்து நிறுத்து, மெலிசாச் சீவி மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்கறது. எலிக்குப் பித்தப்பையே கெடையாது, தெரியும்ல? அதுதான் உன் ஈரலுக்குச் சாட்சி!

எலி பொய் சொல்லல மாப்ளே. விஷத்தைக் குடுத்து ஈரலைக் கெடுத்த எலி, சீந்தில் குடுத்தா தேறுதுன்னே ஆய்வு இருக்கு. அப்படி இருந்தும் கொரோனா பயத்துல சீந்தில் குடிச்சு ஈரல் கெட்டுப்போன 6 பேரைப் பத்தி 2021ல மும்பை டாக்டருங்க எழுதினாங்க. மறுவருஷம் 13 மையங்கள்லேருந்து 43 பேர் கணக்கு வந்துச்சு. ஆயுஷ் அமைச்சகம் ஒத்துக்கல. ஆளுங்க வேற கொடியைப் பறிச்சிருப்பாங்கன்னு சந்தேகப்பட்டுச்சு. சீந்திலுக்குப் பங்காளிக் கொடி ஒண்ணு இருக்கறதும் நெசந்தான்.

ஆனா ஈரல் கெட்டவங்கள்ல பலபேருக்கு, ஊர்க்காவல் நாய் வீட்டுக்காரனையே கடிச்ச மாதிரி, உடம்போட எதிர்ப்புச் சக்தியே ஈரல் மேல பாஞ்சிருக்கு. கூண்டு எலிக்கு அந்த வில்லங்கம் ஏது? அதுக்குத் தைராய்டு இல்ல, சர்க்கரை மாத்திரை இல்ல, உன் சின்ன மாமன் மாதிரி ராத்திரி குவார்ட்டரும் இல்ல. பத்து எலியில படாதது பத்தாயிரம் ஆள்ல ஒருத்தனுக்குப் பட்டா, அவன் உன் கடை வாசல்லதான வந்து நிப்பான்?

சோதனையே வேண்டாம்னா சொல்றேன்? பச்சை விஷமா இருந்தா அங்கேயே மாட்டிக்கும், அதுவரைக்கும் லாபம். மொதல்ல கொடியை ஒரு தாவரவியல்காரர்கிட்டக் காட்டு. ஈரல் கோளாறு உள்ளவன், தைராய்டுக்காரன் டாக்டரைக் கேக்காமக் குடிக்காதேன்னு கொட்டை எழுத்துல போடு. யாவாரம் கொறையும்னு பயமா? அப்ப "எலிகளுக்கு உகந்தது"ன்னு மட்டும் அடிச்சுரு. ஒரு பய கேஸ் போட முடியாது.