டொக், ணங், லொடலொட: அம்பாசிடர் சஸ்பென்ஷன் குறித்து ஓர் இலக்கண ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வயதான அம்பாசிடரின் சஸ்பென்ஷனை நாமே பிரித்து மாட்டலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா என்னும் வினாவைப் பல்கலைக்கழகங்கள் இதுகாறும் தீண்டவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுப்பொருள்: வெள்ளை அம்பாசிடர் ஒன்று. ஆய்வுக்களம்: வீட்டுப் போர்ட்டிகோ. நிதி நல்கியவர்: இவ்வாய்வாளரின் மனைவி (அவர் அறியார்).

ஓய்வுபெற்ற அரசு ஊழியனுக்கு ‘சஸ்பென்ஷன்’ என்றதும் தோன்றும் பொருள் வேறு. ஆளை வேலை செய்யவும் விடாமல், வீட்டுக்கும் ஒரேயடியாக அனுப்பாமல், பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாகக் கொடுத்து அந்தரத்தில் நிறுத்துவது அது. காரிலும் தத்துவம் அதுவே: உடலைச் சாலையில் இடிக்கவும் விடாது, சாலையை விட்டுத் துள்ளவும் விடாது.

2. முன்னோர் கண்டவை

இத்துறையின் ஆதிகுரு ராபர்ட் ஹூக். ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு விசை என்ற விதியை அவர் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராகவே வெளியிட்டார். விடை சொன்னது 1678-ல். “வண்டிய விட்டுட்டுப் போங்க சார், பாத்துச் சொல்றேன்” என்னும் பட்டறை மரபின் முன்னோடி அவரே.

அடுத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948-ல் வந்த அவருடைய மோரிஸ் மைனரில் முன்சக்கரங்களைத் தாங்கியது டார்ஷன் பார்: நீண்ட எஃகுக் கம்பி, அது முறுக்கிக்கொள்ளும், திரும்ப அவிழும். அம்பாசிடரின் தாய்க் காரான மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் வரிசைக்கும் முன்னால் அதே கம்பி, பின்னால் மாட்டுவண்டிக்காரரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் கமான் பட்டை.

உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது 2014-ல். 2017-ல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கைமாறியது. பெயர் பிரான்சுக்குப் போய்விட்டது; ரப்பர் புஷ் வேண்டுமென்றால் நாம்தான் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போக வேண்டும்.

3. ஒலியியல்

பழுதான சஸ்பென்ஷன் மூன்று ஒலிகளை எழுப்பும். பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’: எங்கோ ஓர் இணைப்பு ஆட்டம் கண்டிருக்கிறது. ரப்பர் முழுக்கத் தேய்ந்து இரும்போடு இரும்பு மோதினால் ‘ணங்’. சிறு மேடுபள்ளங்களில் ஓயாமல் ‘லொடலொட’ என்றால் புஷ்கள் கூட்டாக ஓய்வுபெற்றுவிட்டன.

இங்கேதான் இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. டகரம் வல்லினம், ணகரம் மெல்லினம், லகரம் இடையினம். இனத்துக்கு ஒன்றாக வந்த இம்மூன்றில் எதுவும் தொல்காப்பியப்படி மொழிக்கு முதலில் வராது. இலக்கணப்படி இந்தச் சத்தங்கள் எழவே கூடாது.

நான்காவதாக ஒன்று உண்டு: ‘கிறீச்’. ககரம் மொழிமுதலில் வரலாம். ஈற்றில் வல்லின மெய் நிற்பது பிழையே என்றாலும், ‘கிறீச்சு’ என்று குற்றியலுகரம் சேர்த்தால் தீர்ந்தது. காய்ந்துபோன கமான் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி இது. இதற்கும் கொஞ்சம் கிரீஸ் சேர்த்தால் தீர்ந்தது. (ரப்பர் புஷ்ஷில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, ஊறி உப்பிவிடும்.)

எனவே விதி: இலக்கணம் அமைந்த சத்தத்தை நாமே பார்க்கலாம், இலக்கணம் வழுவியதை மெக்கானிக் பார்க்கட்டும்.

4. சோதனைகள்

பிரிக்காமலே செய்யக்கூடியவை இரண்டு. மட்கார்டு மேல் முழு எடையையும் போட்டு அமுக்கி விடுக. ஓர் ஆட்டத்தில் அடங்கினால் ஷாக் அப்சார்பர் உயிரோடு இருக்கிறது, தாலாட்டினால் இல்லை.

அடுத்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுக. ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்க. ஆட்டம் நின்றால் குற்றவாளி வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம். எம் ஆய்வில் பிரேக்கை மிதித்தவர் நிதி நல்கியவரே. “ஏங்க, இத அந்த மெக்கானிக் தம்பிகிட்ட விட்டா என்னவாம்?” என்ற அவர் கருத்து அப்போது பதிவு செய்யப்படவில்லை.

5. விவாதம்

தாமே பிரித்து மாட்டுவோர் வழுக்கும் இடங்கள் நான்கு. ஹாலோ பிளாக் மேல் காரை நிறுத்துவது முதலாவது; அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும், கீழே படுத்திருப்பவர் தாமும் நொறுங்குவார். இரும்பு ஸ்டாண்ட் இல்லாமல் காருக்கடியில் போகவே கூடாது.

இரண்டாவது, டார்ஷன் பார். பூட்டியிருக்கும் வரை அது முறுக்கோடுதான் இருக்கும்; சஸ்பென்ஷனின் கீழ்க்கையை ஜாக்கியில் தாங்கி மெல்ல இறக்காமல் நட்டைக் கழற்றினால், அடக்கிவைத்த கோபமெல்லாம் ஒரே நொடியில் வெளிவரும். மூன்றாவது, இடக்கம்பியை வலப்பக்கம் மாற்றிப் போடுவது. இத்தனை ஆண்டுகள் ஒரு திசையில் முறுக்கிப் பழகியதை எதிர்த்திசையில் முறுக்கினால் முறியும். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான்காவது நுட்பமானது. கார் அந்தரத்தில் இருக்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். சக்கரம் தரையில் நின்று, எடை ஏறிய பிறகே இறுதி இறுக்கம். இத்தனையும் தாண்டினாலும் வீல் அலைன்மென்ட் பார்க்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே “யாரு சார் பிரிச்சது?” என்று கேட்பார்கள். இவ்வினாவுக்கு இதுவரை யாரும் உண்மை விடை அளித்ததில்லை.

6. முடிவு

இவ்வாய்வாளர் விதிப்படி ‘கிறீச்’சோடு தொடங்கினார். கிரீஸ் பட்டதும் அது அடங்கியது. அடங்கிய பிறகுதான், அது மூடிமறைத்திருந்த ‘டொக்’ தெளிவாகக் கேட்டது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது மெக்கானிக் தம்பியின் கருத்து. நிதி நல்கியவரும் அதை வழிமொழிகிறார்.

நான்கு மாதமாகக் கார் ஸ்டாண்டுகள் மேல் நிற்கிறது. இடக்கம்பி எது, வலக்கம்பி எது என்பதில் கருத்து வேறுபாடு நிலவுவதால் விசாரணை முடியவில்லை. ஆய்வாளரின் கைச்செலவுப் பணமும் பாதியாக்கப்பட்டுப் பிழைப்பூதியமாக வழங்கப்படுகிறது.

ஆயினும் ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். அன்றிலிருந்து அந்தக் காரிலிருந்து ‘டொக்’ இல்லை, ‘ணங்’ இல்லை, ‘லொடலொட’ இல்லை. இந்த ஊரிலேயே இலக்கணப் பிழையின்றி நிற்கும் அம்பாசிடர் அது ஒன்றுதான்.