சில்லைத் திரும்பக் கோருதல் – சார்பு

அனுப்புநர்: டிக்கெட் எடுத்து உள்ளே வந்த மூவர்.

பெறுநர்: காப்பாட்சியர் அவர்கள், அரும்பொருள் காட்சியகம். (ஊர்ப் பெயர் வேண்டாம். மறுபடியும் வரவேண்டியிருக்கிறது.)

பார்வை: கண்ணாடிக்கு வெளியே இருந்து மட்டும்.

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பையனையும் எழுபது வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு தங்கள் காட்சியகத்துக்கு வந்திருந்தேன். 'விளையாடுவோம், வரலாறு படிப்போம்' என்று வாசலிலேயே ஃபிளெக்ஸ் வரவேற்றது. விஆர் கண்ணாடி மாட்டிய குழந்தை ஒன்று அதில் வாயைப் பிளந்து நின்றது. எங்கள் பக்கத்துக் குழந்தை மாதிரித் தெரியவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் நன்றாகப் படிக்கட்டும்.

உள்ளே மூன்று தொடுதிரைகள். முதலாவதில் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. ஒட்டிய செல்லோடேப் மஞ்சள் பூத்துப்போய், அதற்கே கார்பன் கணிப்புக்கு மாதிரி அனுப்பலாம் போலிருந்தது. இரண்டாவது திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது: 34 சதவீதம். எல்லாக் கூடங்களையும் சுற்றிவிட்டு வந்து பார்த்தோம். 34 சதவீதம்தான். ஃபிளெக்ஸில் பார்த்த விஆர் கண்ணாடியையும் தேடிக் கண்டுபிடித்தோம். தூசி படியக்கூடாதென்று கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, மேலே 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். சாவி வைத்திருப்பவர் மெடிக்கல் லீவாம். பக்கத்தில் முதுமக்கள் தாழி இருந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு மரியாதை செலுத்திவிட்டு நகர்ந்தோம்.

ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறீர்கள். ஸ்கேன் செய்தால் செயலியை இறக்கச் சொல்கிறது. இறக்கினால் செல்போன் எண், பிறந்த தேதி, ஓடிபி கேட்கிறது. கடைசியில் என் போனில் இருக்கும் எண்களையெல்லாம் பார்க்க அனுமதி வேண்டுமாம். ஐயா, ஒரு ரோமானியக் காசைப் பற்றி நான் தெரிந்துகொள்வதற்கு என் மைத்துனர் நம்பர் உங்களுக்கு எதற்கு? கூடத்துக்குள் சிக்னலும் இல்லை. ஓடிபி வாங்க வாசலுக்கு ஓடி, திரும்ப ஓடிவருவதற்குள் அது காலாவதியாகிவிட்டது. 'விளையாடுவோம்' என்றது இதைத்தானோ என்னவோ, எனக்கு நன்றாக மூச்சு வாங்கியது.

மூன்றாவது திரையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அது வேலை செய்தது. 'நீங்களும் தொல்லியலாளர் ஆகலாம்' என்ற வினாடி வினா. சரியான விடைக்குக் கைதட்டல். தப்பான விடைக்கு 'மீண்டும் முயல்க', அதன்பிறகு கைதட்டல். பையன் கேள்வியைப் படிக்காமலே தட்டித் தள்ளி ஒன்றரை நிமிடத்தில் இளம் தொல்லியலாளர் ஆகிவிட்டான். பேர் போட்டுச் சான்றிதழ்கூட வந்தது. திரையில் காட்டிய அதே கறுப்பு சிவப்புப் பானை இரண்டடி தள்ளி நிஜமாகவே இருந்தது.

"பானை எவ்வளவு பழசுடா?" என்று கேட்டேன்.

"ஆப்ஷன் பி" என்றான். பானை இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

கூட்டம் சேர்க்க வேடிக்கை காட்டுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. நம்முடைய சென்னை அருங்காட்சியகமே அதை அந்தக் காலத்தில் செய்திருக்கிறது. 1851-இல் கல்லூரிச் சாலையில் தொடங்கி, பிறகு எழும்பூருக்குப் போன அந்தக் காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். உயிருள்ள விலங்குகள் இருந்தால் சனம் வரும் என்று கண்டுகொண்ட மனிதர், 1855-இல் அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். அது பின்னால் வேறு இடத்துக்குப் போனதும் சென்னைக்காரர்கள் அதை 'உயிர் காலேஜ்' என்றார்கள், மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றார்கள். எந்தக் கல்வி ஆலோசகரும் இதைவிடச் சுருக்கமாக அறிக்கை கொடுத்ததில்லை. பால்ஃபரின் வித்தையைத்தான் தாங்களும் செய்கிறீர்கள். ஒரே வித்தியாசம், புலி 34 சதவீதத்தில் நின்றுவிடாது.

வேடிக்கையை உருப்படியாகக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் 2017-இல் 'ஃபாதர் அண்ட் சன்' என்று ஒரு செல்போன் விளையாட்டை வெளியிட்டது. தான் பார்த்தே அறியாத தொல்லியலாளர் அப்பாவைத் தேடி ஒரு பையன் அந்த அருங்காட்சியகத்துக்கு வருகிறான். அங்கிருக்கும் பொருள்கள் வழியாகப் பழைய காலங்களுக்குப் போய்வருகிறான். ஆடி முடித்தவனுக்கு அந்தப் பொருளை நேரில் பார்க்கவேண்டும் என்று இருக்கும். இத்தாலி தூரம் என்றால் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி பதித்து, 2023 முதல் அதன்மேல் சனங்களை நடக்கவிடுகிறார்கள். குனிந்தால் காலுக்குக் கீழே தாழிகள். ஓடிபி கேட்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அம்மாவுக்குத் திரை, கோடு எதுவும் பிடிபடவில்லை. மூலையில் டியூப்லைட் சிமிட்டிக்கொண்டிருந்த ஒரு பெட்டி முன்னால் போய் நின்றுகொண்டார். 'வட்டச் சில்லு. சுடுமண். விளையாட்டுப் பொருள்' என்று ஒரு வரி எழுதியிருந்தது. கீழடியில் நூற்றுக்கணக்கில் எடுத்தார்களே, பகடை, ஆட்டக்காய்களோடு, அந்த வகைச் சில்லுதான்.

"ராசா, இங்க வா. ஓரத்தப் பாரு. ஒடைஞ்ச பானை ஓட்டக் கொத்தி, கல்லுல வச்சுத் தேச்சிருக்காக. தேய்க்காட்டி நொண்டி அடிக்கையில கட்டைவிரலக் கிழிச்சிரும்ல. இந்தா, இது அவசரத்துல தேச்சது, கோணலா இருக்கு. சின்னப் புள்ள செஞ்சிருக்கும்."

பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். "இந்தப் புள்ள எத்தனை வருசத்துக்கு முன்னாடி பாட்டி?" என்றான். அன்றைக்கு முழுவதும் அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான். 2,000 வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றேன். இந்த முறை அவன் ஆப்ஷன் கேட்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா குச்சியால் எட்டுக் கட்டம் கிழித்தார். உடைந்து கிடந்த பூத்தொட்டி ஓட்டை எடுத்துத் தங்கள் படிக்கட்டில் ஐந்து நிமிடம் தேய்த்தார். ஃபிளெக்ஸில் இருந்த குழந்தையைத் தவிர, வந்திருந்த மற்ற குழந்தைகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். மூன்றாவது குழந்தை நொண்டியடித்துக்கொண்டிருந்தபோது தங்கள் காவலர் வந்தார். முதலில், "ஏம்மா, இது விளையாடுற எடமா?" என்றார். அம்மா கையால் ஃபிளெக்ஸைக் காட்டினார். அடுத்துக் கீழே கிடந்த சில்லைப் பார்த்ததும் காவலர் முகம் மாறிவிட்டது. "எந்தப் பெட்டியில இருந்து எடுத்தீங்க?" என்றார்.

விளக்கம் எடுபடவில்லை. பூத்தொட்டியைக் காட்டினோம், மேலதிகாரியைக் கேட்கவேண்டும் என்றார். சில்லைக் காகிதத்தில் பொதிந்து, பதிவேட்டில் எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தச் சாவியாவது லீவில் போகாமல் இருக்கவேண்டும்.

அந்தச் சில்லைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பையனுடைய ஆட்டம் ஐந்தாவது கட்டத்தில் நிற்கிறது. தர விதி இடம் கொடுக்காது என்றால் காட்சிக்கே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டிக்குள் வேண்டாம், மரத்தடியில் கை எட்டும்படி வையுங்கள். சீட்டில் எழுதவேண்டியதை நானே கொடுத்துவிடுகிறேன்:

வட்டச் சில்லு. சுடுமண். கிடைத்த இடம்: காட்சியக வாசல், பூத்தொட்டி. காலம்: போன ஞாயிறு. ஓரம் நன்றாகத் தேய்க்கப்பட்டது.