ஞாயிறு தொட்டி, திங்கள் நெமோ

கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்று யாரிடமாவது வாய்விட்டால், "முதலில் தொட்டி சைக்கிள் ஆகட்டும்" என்பார்கள். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டாக்கும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டும் பாறையிலும் மணலிலும் பெருகிக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் கூடாதாம். காசு கொடுத்து வாங்கிய தொட்டியில் ஒன்றரை மாதம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் என்ன ஏரிக் காவலரா? கீழே இருப்பது குறுக்குவழி. பாதியை ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள். மீதியையும் முறையாகச் செய்யுங்கள்.

1. தொட்டி, மீன் இரண்டையும் ஒரே நாளில் வாங்குங்கள். கொளத்தூரில் கடைக்கா பஞ்சம்? "தொட்டியை ஓடவிட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க சார்" என்பவருக்கு வியாபாரம் தெரியாது, நகருங்கள். "இன்னைக்கே போடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பவர் எந்தத் தெருவிலாவது கிடைப்பார். தொட்டி சின்னதாகவே இருக்கட்டும். தண்ணீர் குறைய குறைய விஷம் சீக்கிரம் ஏறும். நமக்கும் நேரம் மிச்சம்.

2. ஆர்.ஓ. தண்ணீர், அதற்கென்று விற்கும் கடல் உப்பு, லிட்டருக்கு 35 கிராம் என்றெல்லாம் கணக்குச் சொல்வார்கள். குழாயைத் திறங்கள். அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொல்லத்தான் போடப்படுகிறது. பாக்டீரியா இல்லாத தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானே? உப்பு போதுமா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்க வேண்டாம். ஒரு சொட்டு நாக்கில் விடுங்கள். ரசத்துக்குச் சரியாகப் போடும் கை கடலுக்குத் தப்புமா?

3. பாக்டீரியா தங்க நுண்துளையுள்ள பாறை வேண்டும் என்பார்கள். பெயின்ட் அடித்த பீங்கான் கோட்டை போதும், அழகுக்கு அழகு. அசல் பவளம்தான் வேண்டுமென்று அடம்பிடித்து, மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்பவரைப் பிடித்திருந்தால், இன்னும் சிறப்பு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப்பாறையும் புலியும் ஒன்றாக இருக்கின்றன. தொட்டியைப் பார்க்க வனத்துறையிலிருந்தும் ஆள் வருவார்கள்.

4. டெஸ்ட் கிட் வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்களா? சரி. குட்டிக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டு எண்ணி விட்டு, குலுக்கி, சில நிமிடம் வைத்தால் மஞ்சளாக நிற்க வேண்டும். அம்மோனியா ஏற ஏறப் பச்சையாகும். மஞ்சளா பச்சையா என்று சந்தேகம் வந்தால் மஞ்சள் என்றே வையுங்கள். சந்தேகமில்லாத பச்சை வந்தால் ட்யூப்லைட்டை மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிட் பழசு. தண்ணீர்தான் பளிங்காகத் தெரிகிறதே! அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பதை மறந்துவிட வேண்டும். "கோல்டு ஃபிஷ் இதே மாதிரிதான் பிழைச்சுது" என்று பழைய தைரியத்தையும் துணைக்கு அழையுங்கள். கடல் நீரின் பி.ஹெச். 8.2 பக்கம் நிற்கும்; அந்த அளவில் அதே அம்மோனியா இன்னும் கொடியதாகும்; சித்திரை வெயிலில் தண்ணீர் சூடானால் அதற்கும் மேல். நீங்கள் மின்விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பாதீர்கள், உங்களுக்கு வியர்க்கும்.

5. இனி மீன். 2003இல் வந்த படத்தின் புண்ணியத்தில் எந்தக் குழந்தையும் நெமோவைத்தான் கேட்கும். ஒன்று தனியாக இருந்தால் பாவம், நாலு வாங்குங்கள். "சைக்கிள் ஓட்ட இதுதான் சரி" என்று கடைக்காரர் ஒரு நீல டாம்சலையும் சேர்த்துக் கட்டித் தருவார். அது பழைய பழக்கம். டாம்சல் கெட்டி உயிர், பிழைத்தாலும் பிழைக்கும். பிறகு தொட்டி முழுவதும் தனக்கே பட்டா என்று அடுத்து வருவதையெல்லாம் கடிக்கும். அதை வலையில் பிடிக்க ஒவ்வொரு பாறையாக வெளியே எடுப்பது நல்ல உடற்பயிற்சி.

6. மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் படபடக்கும். பசி! தீனி போடுங்கள். சாப்பிடவில்லையா, இன்னும் கொஞ்சம் போடுங்கள். அடியில் ஊறி அழுகுவது அம்மோனியாவுக்கு உரம்.

7. இரவில் ஃபில்டரை நிறுத்துங்கள், தூக்கம் கெடுகிறது. பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும் என்பது அதன் கவலை.

8. ஒன்று செத்து மிதந்ததும் கடைக்கு ஓடி, பாக்டீரியா பாட்டில் ஒன்றும் ஆன்டிபயாட்டிக் ஒன்றும் ஒரே பையில் வாங்கி வாருங்கள். முதலில் பாக்டீரியாவை ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து அதைக் கொல்லும் மருந்தை.

9. எல்லாம் போன பிறகு தொட்டியை மூலையில் மறந்துவிடுவீர்கள். ஃபில்டர் மட்டும் ஓடும். சில வாரத்தில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாக ஒரு படலம் படியும். அன்று சோதித்தால் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கும். அதாவது சைக்கிள் முடிந்து, தொட்டி மீனுக்குத் தயார். உடனே எல்லாவற்றையும் கொட்டுங்கள். பாறையைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, மணலை ஏழு தண்ணீர் அலசி, மொட்டை மாடியில் காயவையுங்கள். ஒரு கிருமி மிஞ்சக்கூடாது. அடுத்து வரும் மீனாவது நன்றாக இருக்க வேண்டாமா?